கயிறு கட்டிய மூன்று வரிசைகள்: திருவொற்றியூர் வட்டாரத்தில் ஒரு ராட்சத வண்டிக் காட்சி

முன்னால் இருந்த மூன்று வரிசை நாற்காலிகளிலும் யாரும் உட்காரக் கூடாது என்று மஞ்சள் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். 250 ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் நின்று உள்ளே வந்தவர்களுக்கு அந்தக் கயிற்றைக் கண்டதும் முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பின்னால் வந்த இளைஞர் ஒருவர், "இம்மாந்தூரத்துல குந்திக்கினு பாக்கறதுக்கு வீட்லயே செல்போன்ல பாத்திருக்கலாமே நைனா" என்று தம் தந்தையிடம் சலித்துக்கொண்டார். அவருடைய சலிப்பு எனக்குப் புரிந்தது. ஆனால் அன்று இரவு வெளியே வரும்போது, கொடுத்த பணத்துக்குக் கிடைத்தவற்றுள் அந்தக் காலி நாற்காலிகளையே முதலாவதாக வைத்து எண்ணினேன். அதன் காரணத்தை விரிவாகச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கோடை விடுமுறையை ஒட்டித் திருவொற்றியூர் வட்டாரத்தில் நடக்கும் பொருட்காட்சி ஒன்றில், பெரிய டயர் பொருத்திய வண்டிகள் பழைய கார்களை ஏறி நசுக்கிக் காட்டும் நிகழ்ச்சி இந்த ஆண்டு புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. தட்டியில் 'மான்ஸ்டர் டிரக்' என்று எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள் 'ராட்சத வண்டி' என்கிறார்கள். நடத்துபவரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். நான் பார்த்தது ஒரே ஒரு மாலைக் காட்சி. அதை வைத்து ஒருவருடைய பிழைப்புக்கு முத்திரை குத்துவது முறையாகாது. நானும் என் மனைவியும் ஏழு வயதுப் பேரனும் சென்றிருந்தோம். தண்டையார்பேட்டையில் டிரெய்லர் லாரிகளுக்கான பட்டறை ஒன்றில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து, துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிப்போகும் வண்டிகளின் அடியில் படுத்தே வாழ்நாளைக் கழித்தவன் என்பதால், வண்டியின் மேல்பூச்சைக் காட்டிலும் அதன் அடிப்பாகத்தில்தான் என் கண் முதலில் செல்லும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காட்சி 40 நிமிடம் நடந்தது. இரண்டு வண்டிகள் இருந்தன. முதல் வண்டி ஒரு பழைய ஜீப்பின் கூட்டை உயர்த்திக் கட்டி, டிராக்டரின் பின்டயர்களை நான்கு பக்கமும் பொருத்தி, பெட்ரோல் எஞ்சின் வைத்தது. இரண்டாவது வண்டி இன்னும் கனமானது; டீசல் எஞ்சின், லாரி ஆக்சில், அதிர்ச்சியைத் தாங்கும் தடித்த பட்டைக் கட்டுகள். நசுக்குவதற்கு நிறுத்தியிருந்த கார்கள், உதிரி பாகங்களைக் கழற்றி விற்ற பின் எஞ்சும் வெறும் கூடுகள். புதுப்பேட்டையில் அடுக்கிக் கிடக்குமே, அப்படிப்பட்டவை. முதல் வண்டி மண் மேட்டில் ஏறிக் கார்களின் மேல் இறங்கியபோது, கூரைத் தகடு மடங்கும் ஓசையும் அரங்கில் எழுந்த கூச்சலும் ஒன்றாகக் கலந்தன. பேரன் நாற்காலியின் மேல் ஏறி நின்று கைதட்டினான். எனக்கும் மெய்சிலிர்த்தது. இந்த விளையாட்டைப் பார்ப்பதில் உள்ள இன்பத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. வேலைக்காக மட்டுமே அறிந்த இயந்திரம் ஒன்று விளையாடக் கண்டது எனக்கு அதுவே முதல் முறை.

அசல் ராட்சத வண்டிகளோடு இவற்றை ஒப்பிட முடியாது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கான கடை நடத்திவந்த பாப் சாண்ட்லர், 1970களில் தம்முடைய ஃபோர்டு பிக்கப் வண்டியை மேன்மேலும் உயர்த்திக் கட்டி அதற்கு 'பிக்ஃபுட்' என்று பெயரிட்டார். 1981இல் ஒரு வயலில் பழைய கார்களின் மேல் அதை ஏற்றிப் படம்பிடித்ததிலிருந்துதான் இந்த விளையாட்டு வளர்ந்தது. இன்று அங்கே ஓடும் வண்டியின் டயர் 66 அங்குல உயரம், 43 அங்குல அகலம். எடை ஐந்து டன்னுக்கு மேல். எஞ்சின் மெத்தனாலில் ஓடி ஏறத்தாழ 1,500 குதிரைத் திறன் தரும். நம் திடலில் ஓடியவை அவற்றின் தம்பிகள்கூட அல்ல. ஆனாலும் பார்வையாளரின் உயிர் என்று வரும்போது சிறியதும் பெரியதும் ஒன்றே. வெளிநாடுகளில் உயிர்களைக் கொடுத்துக் கற்ற விதிகள் இங்கே எவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்கின்றன என்பதை அளவுகோலாக வைத்தே இக்காட்சியை எடைபோடுகிறேன்.

நெருக்கமாக இருந்து பார்ப்பதே இன்பம் என்று நம்பி வளர்ந்தவன் நான். போர்க்காலத்தில் கட்டிய சோழவரம் விமான ஓடுதளத்தில் மோட்டார் பந்தயங்கள் நடந்த நாட்களில் என் தந்தையார் என்னை அழைத்துப் போயிருக்கிறார். நாங்கள் நின்ற இடத்துக்கும் வண்டி பறந்த பாதைக்கும் நடுவில் வைக்கோல் கட்டுகளே இருந்தன. பொருட்காட்சி மரணக் கிணற்றில் மேல்தளத்துக் கம்பியின் மேல் வயிறு அழுந்தக் குனிந்து பத்து ரூபாய் நோட்டை நீட்டினால், மோட்டார் சைக்கிளில் வருபவர் சுவரோடு சுழன்று வந்து அதைப் பறித்துச் செல்வார். அந்தக் காற்று முகத்தில் அடிப்பதற்காகவே மீண்டும் மீண்டும் போனோம். ஆகவே மஞ்சள் கயிறு எதைப் பறித்துக்கொள்கிறது என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் அந்தக் கயிற்றுக்குப் பின்னால் ஒரு குழந்தையின் மரணம் இருக்கிறது. 2009 ஜனவரியில் அமெரிக்காவின் டக்கோமா நகர உள்ளரங்கில் நடந்த காட்சியில், ஓடிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து பெயர்ந்த இரும்புத் துண்டு ஒன்று பார்வையாளர் இருக்கைகளுக்குள் பாய்ந்து ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். வண்டி தடுப்பைத் தாண்டவில்லை. ஓட்டுநர் கட்டுப்பாட்டை இழக்கவில்லை. வண்டியிலிருந்து பிரிந்த ஒரு துண்டே போதுமானதாக இருந்தது. அந்தச் செய்தியை முதன்முதலில் படித்தபோது எனக்கு எங்கள் பட்டறைதான் நினைவுக்கு வந்தது. சுமையோடு நின்ற வண்டி ஒன்றைச் சோதனைக்காக முதல் கியரில் நகர்த்தியபோது, எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நடு ஜாயிண்ட் உடைந்து, ஷாஃப்ட் தரையில் குத்திக் குதித்தது. உள்ளங்கை அளவுள்ள துண்டு தகரக் கொட்டகையைத் துளைத்துக்கொண்டு தெருப்பக்கம் போய் விழுந்தது. அந்த இடத்தில் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்த பையன் கிளாஸைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்ததால் தப்பினான். நகரத் தொடங்கிய வண்டியிலேயே இப்படியென்றால், அதைவிட வேகமாகச் சுற்றும் ஷாஃப்ட் உடைந்தால் என்னவாகும் என்பதை மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

அத்தகைய விபத்துகளுக்குப் பிறகுதான் அங்கே சுழலும் பாகங்களைச் சுற்றியுள்ள உறைகளையும் வளையங்களையும் கடுமையாகச் சோதிக்கலானார்கள். தரைமட்டத்தை ஒட்டிய வரிசைகளைக் காலியாக விடுவதும் வழக்கமாயிற்று. வண்டிக்கு மிக அருகில் இருப்பதால், துண்டு ஏதும் தெறித்தால் கீழ் வரிசைகளே முதலில் ஆபத்துக்கு உள்ளாகின்றன. திருவொற்றியூர்த் திடலில் மூன்று வரிசைகளை விட்டதோடு, அவற்றுக்கு முன்னால் எண்ணூர் விரைவுச் சாலையின் நடுவே வைத்திருப்பதைப் போன்ற கான்கிரீட் தடுப்புகளையும், அவற்றின் மேல் ஆள் உயரத்துக்குக் கம்பி வலையையும் அமைத்திருந்தார்கள். தடுப்புக்கும் வண்டியின் பாதைக்கும் இடையே என் நடையளவில் 20 மீட்டர் இருந்தது. காட்சி முடிந்ததும் முதல் வண்டியின் அடியில் குனிந்து பார்த்தேன். ஷாஃப்ட்டைச் சுற்றி இரண்டு இடங்களில் தடித்த பட்டை இரும்பால் வளையம் பூட்டியிருந்தார்கள், போல்ட்டுகளுக்குப் புது நட்டு போட்டிருந்தார்கள். இதைச் செய்த மெக்கானிக் யாராக இருந்தாலும் அவருக்கு என் மனமார்ந்த பாராட்டு.

அடுத்து, வண்டி ஓடும் திசை. சீட்டு வாங்குபவர்கள் யாரும் கேட்காத கேள்வி இது, ஆனால் கேட்டே ஆக வேண்டியது. 2013 அக்டோபர் 5 அன்று மெக்சிகோவின் சிவாவா நகரில் கார்களின் மேல் ஏறி இறங்கிய ராட்சத வண்டி ஒன்று நிற்காமல் கூட்டத்துக்குள் புகுந்ததில் 8 பேர் இறந்தார்கள். ஓராண்டு கழித்து, 2014 செப்டம்பர் 28 அன்று, நெதர்லாந்தின் ஹாக்ஸ்பெர்கன் என்னும் சிற்றூரில் அதே விதமாக 3 பேர் இறந்தார்கள். அந்நாட்டின் பாதுகாப்பு விசாரணை வாரியம் ஆராய்ந்தபோது ஏற்பாட்டாளரிடமும் குறை இருந்தது, அனுமதி அளித்த நகராட்சியிடமும் குறை இருந்தது. வண்டி பார்வையாளர்களை நோக்கி ஓடும்படி திடலை வகுத்திருந்ததை யாருமே தடுக்கவில்லை. கார்களின் மேலிருந்து இறங்கும் வண்டி நேராக எங்கே போகுமோ அங்கே மனிதர் இருக்கக் கூடாது என்பது பாமரரும் சொல்லக்கூடிய நியாயம். அதைக் காகிதத்தில் எழுதிச் சரிபார்க்க ஒருவர் இல்லாமல் போனதால்தான் அத்தனை பேர் மாண்டார்கள்.

நம் திடலில் வண்டிகள் அரங்கத்துக்கு இணையாக, இடமிருந்து வலமாக ஓடின. இது சரியான ஏற்பாடு. ஆனால் வலப்பக்க முனையில், வண்டி இறங்கித் திரும்பும் இடத்துக்கு நேர் பின்னால், தகரத் தடுப்பு ஒன்றை மட்டும் வைத்துவிட்டு, அதற்கு அந்தப் பக்கம் பஜ்ஜிக் கடையும் டெல்லி அப்பளக் கடையும் போட இடம் கொடுத்திருக்கிறார்கள். காட்சி நடக்கும்போதும் அங்கே முப்பது நாற்பது பேர் நின்று தின்றுகொண்டிருந்தார்கள். சீட்டு வாங்கியவர்களுக்குக் கான்கிரீட், வாங்காதவர்களுக்குத் தகரம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பார்வையாளர் என்பவர் நாற்காலியில் அமர்ந்தவர் மட்டுமல்லர். வண்டி எட்டக்கூடிய தூரத்தில் இருக்கும் எல்லோரும் பார்வையாளரே. இந்தக் காட்சியில் நான் கண்ட மிகப் பெரிய குறை இது. இருபது அடி தள்ளிக் கடைகளைப் போட்டு, அந்த முனையில் மண்ணைக் குவித்துக் கரை எழுப்பிவிட்டால் ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

இனி, நிறுத்தும் விசை. திருவொற்றியூர்த் தேரடியில் மாசித் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இதன் தத்துவம் உடனே விளங்கும். வடம் பிடிப்பவர்கள் முன்னால் இழுப்பார்கள். தேரை நிறுத்துவது சக்கரத்தோடு நடந்துகொண்டே முட்டுக்கட்டை போடுபவரின் கையில் இருக்கும். இழுப்பவர் உணர்ச்சிப் பெருக்கில் இருக்கலாம், அவருக்குச் சக்கரம் தெரியாமலும் போகலாம். ஆகவே நிறுத்தும் பொறுப்பு இன்னொருவரிடம். ராட்சத வண்டிக்காரர்கள் 1980களின் பிற்பகுதியில் தமக்கென்று ஒரு சங்கம் அமைத்து விதிகளை எழுதத் தொடங்கியபோது, அவர்கள் கொண்டுவந்த முக்கியமான சாதனம் இதே தத்துவத்தில் அமைந்தது. திடலுக்கு வெளியே நிற்கும் அலுவலர் ஒருவரிடம் ரேடியோ விசை இருக்கும். ஓட்டுநர் மயங்கிவிட்டாலும், ஸ்டியரிங் கைவிட்டுவிட்டாலும், அவர் அதை அழுத்தினால் எஞ்சின் அணைந்துவிடும். ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் ஒவ்வொரு வண்டியிலும் அந்த விசையை அழுத்தி, எஞ்சின் அணைகிறதா என்று பார்த்த பிறகே ஓட்டம் தொடங்கும்.

அன்று மாலை நான் மிகவும் ரசித்த கட்டம் இதுவே என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். முதல் வண்டி உறுமிக்கொண்டு திடலுக்குள் வந்து பத்தடி நகர்ந்ததும், அறிவிப்பாளர் கூட்டத்தைப் பார்த்து, "இப்போ இவர் நிறுத்துவார் பாருங்க" என்று ஓரத்தில் கொடியோடு நின்ற பெண் ஒருவரைக் காட்டினார். அவர் கையில் இருந்த சிறிய பெட்டியை அழுத்தினார். அத்தனை பெரிய உறுமல் சட்டென்று அடங்கி, திடல் முழுதும் அமைதியானது. பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். பேரன், "தாத்தா, அந்த அக்கா நெனச்சா வண்டி நின்னுடுமா?" என்று கேட்டான். பாதுகாப்புச் சோதனையை ஒளித்து வைக்காமல் நிகழ்ச்சியின் ஓர் அங்கமாகவே காட்டிய அந்த யோசனை யாருடையதோ, அவர் இந்தத் தொழிலை உணர்ந்தவர்.

இரண்டாவது வண்டிக்கு இந்தச் சோதனை நடக்கவில்லை. காட்சி முடிந்த பின் மேற்பார்வையாளரிடம் விசாரித்தேன். அது டீசல் வண்டி என்பதால் ரேடியோ விசை பொருத்தவில்லை என்றும், ஓட்டுநர் உள்ளே இருக்கும் ஸ்டாப் கேபிளை இழுத்தால் நின்றுவிடும் என்றும் சொன்னார். பெட்ரோல் எஞ்சினிலும் மெத்தனால் எஞ்சினிலும் தீப்பொறியைத் துண்டித்தால் எஞ்சின் அணைந்துவிடும்; டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறியே கிடையாது, எரிபொருளையோ காற்றையோ அடைத்தால்தான் நிற்கும். ஆகவே பெட்ரோல் வண்டியின் பெட்டியை அப்படியே கழற்றி இதில் மாட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் பம்பில் எரிபொருளை அடைக்கும், மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வைப் பொருத்தி அதை ரேடியோவால் இயக்குவது, நம் பகுதியின் பட்டறைகளுக்கு எட்டாத வேலையன்று. "அது மெதுவாத்தான் போகும் சார்" என்றார் அவர். என் 31 ஆண்டுகளில் வேகமாக வந்த வண்டியால் பட்டறையில் யாரும் அடிபட்டு நான் பார்த்ததில்லை. அடிபட்டவர்கள் எல்லோரும் மெதுவாக நகர்ந்த வண்டியால்தான் அடிபட்டார்கள். இதை அவரிடம் மரியாதையாகவே சொன்னேன். அவரும் பொறுமையாகக் கேட்டு, முதலாளியிடம் சொல்வதாக வாக்களித்தார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திடலின் மேல் மின்கம்பி எதுவும் செல்லவில்லை. இதைக் குறிப்பாகப் பார்த்தேன். 2024 ஜூலையில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தாவிய வண்டி ஒன்று மின்கம்பியில் சிக்கியதை நினைவில் வைத்திருந்தேன். அதற்கும் முன்பாக, 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேரில் மின்சாரம் பாய்ந்து 11 பேர் இறந்த துயரம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். குடிதண்ணீர் இரண்டு இடங்களில் இலவசமாக வைத்திருந்தார்கள். மெரினாவில் 2024 அக்டோபரில் நடந்த விமான சாகசக் காட்சிக்குப் பிறகு, வெயிலும் நெரிசலும்கூட உயிரை எடுக்கும் என்பதை இந்த ஊர் அறியும். அந்த வகையில் இந்தத் தண்ணீர்த் தொட்டிகளை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. வெளியேறும் வழிகள் மூன்று. அவற்றில் ஒன்றைப் பூட்டி வைத்திருந்தார்கள், அது தவறு. கழிப்பறை சுமார்.

காதைப் பற்றி மட்டும் ஒரு வேண்டுகோள். 85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஓசையில் நீண்ட நேரம் இருந்தால் கேட்கும் திறன் குறையும். ராட்சத வண்டியின் ஓசை அதைவிட மிக அதிகம். வெளிநாடுகளில் பிள்ளைகள் காதுக்கவசம் அணிந்துதான் இக்காட்சிகளில் உட்காருகிறார்கள், நுழைவாயிலிலேயே அவை விற்கப்படுகின்றன. இங்கே அப்படி எதுவும் இல்லை. என் இடக்காது பட்டறையிலேயே போய்விட்டது. பேரனுக்கு மனைவியின் முந்தானையைச் சுற்றிவிட்டோம். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சுபோன்ற காதடைப்பான்களை முன்னதாகவே வாங்கி எடுத்துச் செல்லுங்கள். முடிந்தவரை ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு அருகே இருக்கும் இருக்கைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

காட்சி முடிந்த பின் நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்த மதிப்புரை நியாயமாக இருக்காது. எஞ்சின்களை அணைத்து, சாவிகளை எடுத்துவிட்டு, நான்கு டயர்களுக்கும் கட்டை வைத்த பிறகு, பத்துப் பத்துப் பேராக உள்ளே அனுமதித்தார்கள். வெளிநாட்டுப் பெரிய காட்சிகளில் இதற்கென்றே ஓட்டத்துக்கு முன்னால் தனி நேரம் ஒதுக்கி, தனிச் சீட்டு விற்று, ஓட்டுநர்களிடம் கையெழுத்து வாங்கவும் வழி செய்கிறார்கள். இங்கே கூடுதல் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. ஓடும் வண்டியிடமிருந்து எங்களைத் தள்ளி உட்கார வைத்தவர்கள், நிற்கும் வண்டியைத் தொட்டுப் பார்க்கவே அழைத்தார்கள். பேரன் டயரின் பக்கத்தில் நின்று தன் உயரத்தை அளந்து பார்த்தான். டயர் அவனைவிட ஒரு சாண் கூடுதல். இளம் ஓட்டுநர் அவனைத் தூக்கிப் படிக்கட்டில் நிறுத்தி, உடலைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கும் இருக்கைப் பட்டைகளையும் தம் தலைக்கவசத்தையும் காட்டினார். முதலில் சலித்துக்கொண்ட அந்த இளைஞரும் தம் தந்தையோடு அங்கே நின்று, நசுங்கிய கார் ஒன்றின் கூரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவர்களுக்கு 250 ரூபாய், ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 150 ரூபாய் என்பது எங்கள் பகுதிக் குடும்பங்களுக்குச் சிறிய தொகை அன்று. ஆனாலும் கேட்கத் தகுந்ததே. விம்கோ நகர் மெட்ரோவில் இறங்கினால் ஷேர் ஆட்டோ கிடைக்கிறது. போகிறவர்கள் நடு அரங்கில் ஐந்தாவது வரிசைக்கு மேல் உட்காருங்கள். காட்சி நேரத்தில் வலப்பக்க முனையில் இருக்கும் கடைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். டீசல் வண்டிக்கு ரேடியோ விசை பொருத்தியாகிவிட்டதா என்று வாயிலில் கேளுங்கள், பத்துப் பேர் கேட்டால் பொருத்திவிடுவார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் நால்வரை அடுத்த ஞாயிறு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அரை மணி நேரம் முன்னதாகவே போய், அந்தப் பஜ்ஜிக் கடை இடம் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சீட்டு வாங்குவேன்.